ரேடியோ தூங்கினாலும் தூங்காத கடிகாரம்

அமெரிக்காவில் 1970களில் விற்பனையான சிட்டிசன்ஸ் பேண்ட் ரேடியோக்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, லாரியிலும் காரிலும் டாஷ்போர்டுக்குக் கீழே தொங்குவது. மற்றொன்று, வீட்டு மேசையில் நிலையாக உட்கார்ந்திருப்பது. இதற்குத்தான் பேஸ் ஸ்டேஷன் என்று பெயர். 1958இல் 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 23 சேனல்களோடு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இந்த அலைவரிசை, 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு லாரி ஓட்டுநர்கள் வழியாக நாடு முழுக்கப் பிரபலமானது. 1977 ஜனவரி 1 முதல் சேனல்கள் 40 ஆயின. வீட்டு ரேடியோக்களில் விலை கூடியவற்றில் மர நிறப் பெட்டி, பெரிய மீட்டர், மேசை மைக் இவற்றோடு முகப்பில் ஒரு கடிகாரமும் வந்தது. கோப்ரா 2000 ஜி.டி.எல். அந்த வரிசையில் பலரும் அறிந்த பெயர். கடிகாரம் வெறும் அலங்காரமும் அல்ல. சி.பி. விதிப்படி ஓர் உரையாடலை ஐந்து நிமிடத்துக்குள் முடித்துக்கொண்டு, ஒரு நிமிடமாவது மற்றவர்களுக்குச் சேனலை விட்டுக்கொடுக்க வேண்டும். மைக்கைப் பிடித்திருப்பவரின் கண்ணெதிரே மணி தெரிவது அதற்கு உதவியது. இன்று பழைய பெட்டியை வாங்கித் திறப்பவர்கள் அடிக்கடி பார்ப்பது இதைத்தான்: ரேடியோ நன்றாகப் பேசுகிறது, கடிகாரம் மட்டும் நின்றுபோயிருக்கிறது.

ரேடியோவைவிட எளிமையான கடிகாரம் ஏன் முதலில் போகிறது? பெட்டி ஒன்றுதான் என்றாலும் உள்ளே இருக்கும் இரண்டுக்கும் வயது ஒன்றல்ல என்பதுதான் காரணம். ரேடியோவுக்கான மின்சாரம் முகப்பில் உள்ள சுவிட்சைத் தாண்டித்தான் போகும். கடிகாரத்துக்கான இணைப்போ அந்தச் சுவிட்சுக்கு முன்பே பிரிந்துவிடும். இல்லையென்றால் ரேடியோவை அணைக்கும்போதெல்லாம் மணியும் நின்றுவிடும். நாளைக்கு இரண்டு மணி நேரம் வீதம் பத்து ஆண்டுகள் பயன்படுத்தப்பட்ட ரேடியோ ஓடியது 7,300 மணி நேரம். பிளக்கைப் பிடுங்காமலே இருந்திருந்தால் அதே பத்து ஆண்டில் கடிகாரம் ஓடியது 87,600 மணி நேரம். நாற்பது ஆண்டு என்றால் ஏறத்தாழ 3,50,000. அந்தக் காலத்துச் சாதாரண மின்பகு கண்டென்சருக்கு 85 டிகிரி வெப்பத்தில் 2,000 மணி நேர ஆயுள் என்பது வழக்கமான மதிப்பு. வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்ற கைக்கணக்கை வைத்துப் பார்த்தால், பெட்டிக்குள் 35 டிகிரி இருக்கும்போது 64,000 மணி நேரம், அதாவது ஏழு ஆண்டுக்குக் கொஞ்சம் மேலே. கைக்கணக்கு ஜோசியம் அல்ல. இதைவிடப் பல மடங்கு உழைத்த கண்டென்சர்களும் உண்டு. ஆனாலும் ஏழு எங்கே, நாற்பது எங்கே?

‘சிப்பும் அத்தனை மணி நேரம் ஓடியதுதானே, அது மட்டும் போகாதா’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சிப்புக்குள் உலர்வதற்கு ஈரம் எதுவும் இல்லை. கண்டென்சருக்குள் திரவம் இருக்கிறது, மோட்டாரின் தாங்கியில் எண்ணெய் இருக்கிறது; காலம் முதலில் கைவைப்பது இவற்றில்தான். ஆகவே இந்த இயல் முழுவதற்கும் அடிப்படையாக ஒரு வரிசையைப் பரிந்துரைக்கிறேன்: முதலில் உலரும் பொருட்கள், அடுத்து இணைப்புகள், எல்லாம் சரியென்று தெரிந்த பிறகே சிப் அல்லது பல்சக்கரத் தொகுதி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மணி தெரியவில்லை என்றதும் சிப்பைக் கழற்றி மாற்றுச் சிப் தேடி அலைகிறார்கள். அந்தக் காலத்து மாஸ் வகைச் சிப்புகள் நிலைமின்சாரத்துக்கு அஞ்சுபவை. நாற்பது ஆண்டு வேலை செய்த சிப், பழுது பார்ப்பவரின் விரல்நுனியில் உயிரை விடுவதும் நடக்கும். ‘என் பெட்டி முப்பது ஆண்டாகப் பரணில் கிடந்தது, ஓடவே இல்லையே’ என்றால் அப்போதும் வரிசை மாறாது. ஓடாமல் கிடந்தாலும் எண்ணெய் பிசினாகும். மின்னழுத்தம் காணாத கண்டென்சரின் உள்படலமும் வலுவிழக்கும்.

கை வைப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. அதுவும் மேலே சொன்ன காரணத்திலிருந்தே வருகிறது. கடிகார இணைப்பு சுவிட்சுக்கு முன்பே பிரிவதால், ரேடியோவை ‘ஆஃப்’ செய்துவிட்டோம் என்று நம்பி மூடியைத் திறக்கக் கூடாது. எண் தகடுகள் மடிந்து விழும் வகைக் கடிகாரங்களில் மோட்டாருக்கு 120 வோல்ட் நேரடியாகவே போகும். பிளக்கைப் பிடுங்கிப் பார்வையில் படும்படி மேசைமேல் வையுங்கள். பிறகு பெரிய கண்டென்சர்களில் மிச்ச மின்சாரம் இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். நெடுநாள் கிடந்த பெட்டிக்கு முதன்முதலாக மின்சாரம் கொடுக்கும்போது சீரீஸ் பல்ப் வழியாகக் கொடுங்கள். நம் ஊரில் 230 வோல்ட்டிலிருந்து இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருப்பீர்கள். அதன் 230 வோல்ட் பக்கத்தில் ஒரு 60 வாட் குண்டு பல்பைத் தொடரிணைப்பில் போட்டால், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரிந்து காட்டிவிடும். அந்த டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு தனிச் சுற்றுகள் கொண்டதாக இருக்கட்டும். விலை மலிவான ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் மின்னழுத்தத்தைக் குறைக்குமே தவிர, உங்களை மெயினிலிருந்து பிரித்து வைக்காது. இன்னொன்று: ஆன்டெனாவோ டம்மி லோடோ இல்லாத நிலையில் மைக் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். கடிகாரம் பார்க்கப் போய் ரேடியோவின் கடைசிக்கட்ட டிரான்சிஸ்டரைப் பறிகொடுத்தால் யாரை நோவது?

அடுத்து, இந்தக் கடிகாரம் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு நேரம் தெரியாது. மெயின் மின்சாரம் ஒரு நொடியில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதை எண்ணத்தான் தெரியும். அமெரிக்காவில் 60 முறை. அறுபது எண்ணினால் ஒரு நொடி ஆயிற்று. இந்த ஏற்பாட்டின் மூலவர் ஹென்றி வாரன். மாசசூசெட்ஸின் ஆஷ்லாண்டைச் சேர்ந்த அவர், மின்சாரத்தின் அலைவோடு ஒத்து ஓடும் கடிகார மோட்டாரை உருவாக்கினார். ஆனால் அன்றைய மின் நிலையங்களின் அலைவு நிலையாக இல்லை. கடிகாரம் எவ்வளவு ஒழுங்காக எண்ணினாலும் எண்ணப்படுவது ஒழுங்காக இல்லையென்றால் என்ன பயன்? அதனால் 1916இல் பாஸ்டன் நகரின் மின் நிலையத்தில் ஒரு தலைமைக் கடிகாரத்தை வைத்தார். அதில் ஒரு முள்ளை ஊசல் ஓட்டும், இன்னொன்றை அந்த நிலையத்தின் மின்சாரமே ஓட்டும். இரண்டு முள்ளும் விலகாமல் பார்த்துக்கொண்டு எந்திரத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது பணியாளரின் வேலை. ஒரு நிலையம் சரியாக ஓடினால் அந்த நகரத்துக் கடிகாரங்கள் எல்லாம் சரியாக ஓடும். உங்கள் மேசைமேல் இருக்கும் பேஸ் ஸ்டேஷனின் கடிகாரம், தகட்டு வகையானாலும் ஒளிரும் எண் வகையானாலும், இந்த வம்சத்தில் வந்ததுதான்.

இதைப் புரிந்துகொண்டால் பாதி நோயை மூடியைத் திறக்காமலே கண்டுபிடித்துவிடலாம். தவறு எந்த விகிதத்தில் இருக்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள். மணிக்குச் சரியாகப் பத்து நிமிடம் பின்தங்குகிறதா? 60 ஹெர்ட்ஸுக்கான கடிகாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. அமெரிக்காவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த பெட்டிக்கு இதுதான் கதி. இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றுமே ஒழிய அலைவை மாற்றாது. மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் முந்துகிறதா? 50 எண்ணினால் ஒரு நொடி என்று அமைக்கப்பட்ட கடிகாரம் 60இல் ஓடுகிறது. இரண்டுமே பழுதில் சேராது. ஒழுங்கில்லாமல், ஒரு நாள் நான்கு நிமிடம் மறுநாள் இருபது நிமிடம் என்று முந்தினால்தான் பழுதைச் சந்தேகிக்க வேண்டும். மெயினில் வரும் குறுந்துடிப்புகளையும் கடிகாரம் அலைவென்று எண்ணிக்கொள்கிறது என்று அதற்குப் பொருள். நாளுக்குச் சில விநாடியோ ஓரிரு நிமிடமோ மாறி மாறி விலகினால் கடிகாரத்தை விட்டுவிட்டு மின்கட்டமைப்பைப் பாருங்கள். 2018 ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அடுப்புக் கடிகாரங்களும் கட்டில் அருகுக் கடிகாரங்களும் ஏறத்தாழ ஆறு நிமிடம் பின்தங்கின. செர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் இடையிலான பிணக்கில் கட்டமைப்புக்கு வர வேண்டிய மின்சாரம் வராமல்போய், சராசரி அலைவு 50க்குப் பதிலாக 49.996 ஹெர்ட்ஸாக இறங்கியதுதான் காரணம். அந்த வாரங்களில் தன் கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்த ஐரோப்பியர் எவருக்கும் உள்ளே ஒரு குறையும் அகப்பட்டிருக்காது. இந்தியாவில் அனுமதிக்கப்படும் அலைவு 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை. அலைவு ஒரு நாள் முழுதும் 49.90இலேயே நின்றால் 50 ஹெர்ட்ஸ் கடிகாரம் 173 விநாடி, அதாவது மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகப் பின்தங்கும். ஆகவே ஒரு முழு நாள், முடிந்தால் இரண்டு நாள், கைபேசி மணியோடு ஒப்பிட்டுத் தாளில் குறித்துவிட்டுத்தான் திருப்புளியை எடுக்க வேண்டும்.

ஒளிரும் எண் வகையை எடுத்துக்கொள்வோம். முகப்பு முழுதும் இருண்டிருந்தால் மின்வழங்கலில்தான் தேட வேண்டும்: ஃபியூஸ், கடிகாரத்துக்கான டிரான்ஸ்ஃபார்மர் சுற்று, டையோடு, கண்டென்சர் என்ற வரிசையில் மின்சாரம் போகும் பாதையிலேயே மீட்டரும் போகட்டும். சுற்றுக்கு மின்சாரம் போகிறது, வெளியே வரவில்லை என்றால் சுற்று அறுந்திருக்கிறது. கண்டென்சருக்குப் பிறகு நேர்மின்னழுத்தம் இருந்தும் எண்கள் மங்கலாக நடுங்கினால், அல்லது ஸ்பீக்கரில் ரீங்காரம் கேட்டால், கண்டென்சர் உலர்ந்துவிட்டது. அதன் மதிப்பிலேயே, 105 டிகிரி தாங்கும் புதியதைப் போடுங்கள். வோல்ட் மதிப்பு கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. முனை மாற்றிப் போட்டுவிடாமல் பலகையில் உள்ள குறியை முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துக் கடிகாரச் சிப்புகள் பலவற்றில் நேர்முனையே பொதுமுனையாக இருக்கும். ‘எதிர்முனைதான் தரை’ என்ற பழக்கத்தில் மீட்டரை வைத்தால் எல்லா அளவும் தலைகீழாகத் தெரிந்து குழப்பும். எண்கள் எரிகின்றன, விட்டுவிட்டு மின்னுகின்றன என்றால் பயப்பட வேண்டாம். மின்சாரம் போய்வந்தது என்று சிப் சொல்லும் செய்திதான் அது. மணியை வைத்ததும் நின்றுவிடும். மணி வைத்த பிறகும் நிமிடம் நகரவில்லை, நடுவே உள்ள இரட்டைப் புள்ளி துடிக்க வேண்டிய பெட்டியில் துடிக்கவும் இல்லை என்றால், சிப்புக்கு உணவு இருக்கிறது, எண்ணுவதற்குத்தான் எதுவும் வரவில்லை. மெயின் அலைவைச் சிப்புக்குக் கொண்டுவரும் பாதையில் ஒரு ரெசிஸ்டரும் சிறு கண்டென்சரும் இருக்கும். ரெசிஸ்டர் அறுந்தாலும் அதன் சாலிடர் விட்டுப்போனாலும் கடிகாரம் சிலையாகிவிடும். அந்தக் கண்டென்சர் விட்டுப்போனால் நேர்மாறாக, முன்பு சொன்னபடி குறுந்துடிப்புகளும் கணக்கில் சேர்ந்து கடிகாரம் தாறுமாறாக முந்தும். சில ரூபாய் பெறும் இந்த இரண்டு பொருளுக்காகச் சிப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம்.

எண்ணின் சில கோடுகள் மட்டும் எரியவில்லை என்றால் எந்தக் கோடுகள் என்று தாளில் வரைந்து பாருங்கள். ஒரே ஒரு கோடு என்றால் பெரும்பாலும் அதன் சாலிடர் முனை. நான்கு இலக்கத்திலும் பரவலாக ஏறக்குறையப் பாதிக் கோடுகள் ஒன்றாக இருண்டிருந்தால் அது வேறு கதை. மெயின் அலைவின் ஒரு பாதியில் சில கோடுகளையும் மறுபாதியில் மற்ற கோடுகளையும் ஏற்றும் முறை சில சிப்புகளில் உண்டு. ஒரு பாதிக்கான டையோடு போய்விட்டால் அந்தப் பாதியின் கோடுகள் எல்லாம் கூட்டமாக மறையும்.

தகட்டு வகைக் கடிகாரத்தை மெதுவாகவே அணுக வேண்டும். உள்ளே நிமிடத்துக்கும் மணிக்கும் தனித்தனி உருளைகள். அவற்றில் புத்தகப் பக்கம்போல் பிளாஸ்டிக் தகடுகள் செருகப்பட்டிருக்கும். மேலே ஒரு சிறு கொக்கி தகட்டைப் பிடித்திருக்கும். உருளை திரும்பத் திரும்பக் கொக்கியிலிருந்து நழுவித் தகடு ‘டக்’கென்று மடிந்து விழும். இத்தனையையும் ஓட்டுவது இரண்டு மூன்று வாட் மட்டுமே எடுக்கும் ஒத்தியங்கு மோட்டார். அதன் வலிமை மிகக் குறைவு. தாங்கியில் எண்ணெய் பிசினானாலே அதனால் கிளம்ப முடியாது. ஆகவே நின்றுபோன தகட்டுக் கடிகாரத்தில் சோதிக்க இரண்டே கேள்விகள்தான். சுருள் முழுதாக இருக்கிறதா? பிளக்கைப் பிடுங்கி, மோட்டாரின் ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு ஓம் மீட்டரில் பார்த்தால் ஆயிரக்கணக்கில் ஓம் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டவில்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய அந்தக் கம்பி பெரும்பாலும் வெளிக்கம்பியோடு சேரும் முனையில்தான் அறும்; பொறுமை உள்ளவர்கள் அங்கேயே மீண்டும் சாலிடர் வைத்துவிடலாம். சுருள் சரி என்றால் அடுத்த கேள்வி: உராய்வா? ஹேர் டிரையரால் மோட்டாரின் உலோக உறையை இரண்டு மூன்று நிமிடம் இளஞ்சூடாக்கிவிட்டு மின்சாரம் கொடுங்கள். தகடுகளின்மேல் சூடு படக் கூடாது. சூட்டில் ஓடி, ஆறியதும் நின்றால் தீர்ப்பு தெளிவு: எண்ணெய் உலர்ந்துவிட்டது.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. எல்லா வீட்டிலும் இருக்கும் துருநீக்கி ஸ்பிரேயை எடுத்து உள்ளே அடித்துவிடுகிறார்கள். கடிகாரம் உடனே ஓடும், அடித்தவர் மகிழ்வார், சில வாரத்தில் மறுபடி நிற்கும். அந்த ஸ்பிரேயில் பெரும்பங்கு கரைப்பான். மிச்சமிருந்த எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும். அதன் துளி தகடுகளுக்கு இடையே போனால் இரண்டு மூன்று தகடுகள் ஒட்டிக்கொண்டு ஒன்றாக விழும். சரியான வழி, மோட்டாரைத் தகட்டுத் தொகுதியிலிருந்து தனியே கழற்றி, அச்சு வெளிவரும் இடத்தில் ஊசிமுனையால் ஒரு துளி கடிகார எண்ணெய் விட்டு, இரவு முழுக்க அச்சு மேல்நோக்கி இருக்கும்படி வைத்துவிடுவது. தையல் மெஷின் எண்ணெய் போதாதா என்றால், சோதனைக்குப் போதும். இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் தாங்கியில் நெடுநாள் நிற்காது. ஒரு துளியில் சரியாகாத மூடிய மோட்டாருக்குள் எண்ணெய் விட, உறையில் சிறு துளை போடும் வழக்கம் உண்டு. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. உறை இரும்பு, உள்ளே சுழல்வது காந்தம். துளையிடும்போது விழும் இரும்புத் தூள் எங்கே போய் ஒட்டும் என்று சொல்லவும் வேண்டுமா? உறையின் மடிப்புக் காதுகளை மெல்ல நிமிர்த்தித் திறப்பது நேரம் எடுக்கும், ஆனால் மோட்டார் பிழைக்கும். தகடுகளை மென்மையான தூரிகையால் மட்டும் துடையுங்கள். ஆல்கஹால் பட்டால் அச்சிட்ட எண்கள் அழியக்கூடும். மணி வைக்கும் திருகை எந்நாளும் பின்னோக்கித் திருப்ப வேண்டாம். தகட்டின் காது மடங்கிவிட்டால் அதற்கு மருந்து இல்லை.

இவ்வளவு பாடு எதற்கு, சின்னதாக ஒரு குவார்ட்ஸ் கடிகாரத்தை வாங்கி உள்ளே ஒட்டிவிடலாமே என்பது வலுவான மறுப்பு. துல்லியத்தைக் காரணம் காட்டி இதை ஒதுக்க முடியாது. நொடிக்கு 32,768 முறை துடிக்கும் சாதாரணக் கடிகாரப் படிகம் பத்து லட்சத்துக்கு 20 பங்கு விலகினாலும் நாளுக்கு 1.7 விநாடிதான் தவறும். அலைவு தள்ளாடும் கட்டமைப்பில் மெயின் கடிகாரத்தால் அதோடு போட்டியிட முடியாது. ஆனால் அதே படிகத்தின் தவறு ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போய் ஆண்டு முடிவில் பத்து நிமிடமாகிவிடும்; சேர்ந்த தவறை அவ்வப்போது ஈடுகட்டும் கட்டமைப்பில் மெயின் கடிகாரத்தின் தவறு அப்படிச் சேராது. ஆகத் துல்லியத்தில் வெற்றி தோல்வி ஊரைப் பொறுத்தது. நான் மாற்றை எதிர்ப்பது வேறு மூன்று காரணங்களுக்காக. பேட்டரியில் ஓடும் தொகுதி, மறந்துவிட்டால் உள்ளே கசிந்து ரேடியோவின் பலகையை அரிக்கும். பேட்டரி வேண்டாமென்று மலிவான ஸ்விட்சிங் சார்ஜரை உள்ளே வைத்தால் அதன் இரைச்சல் 27 மெகாஹெர்ட்ஸில் ரிசீவருக்குள் நுழையும். கடிகாரச் சிப் செய்த பழைய நிறுவனங்கள் எண்களை நேரடியாக ஏற்றும் முறையைத் தேர்ந்ததற்கு ரேடியோவில் இரைச்சல் கேட்கக் கூடாது என்பதும் ஒரு காரணம். மூன்றாவது, அலாரம் வைத்து ரேடியோவைத் தானாக இயக்கும் வசதி உள்ள பெட்டிகளில் கடிகாரத்தின் சுவிட்ச் வழியாகவே ரேடியோவுக்கு மின்சாரம் போகலாம். கடிகாரத்தைப் பிடுங்கியதும் ரேடியோவும் அணைந்துவிட்டதே என்று திகைப்பவர்கள் அந்தத் தொடர்பைக் கவனிக்காதவர்கள்.

எதிர்த்திசையில் இன்னொரு யோசனையும் வரும்: திறந்ததுதான் திறந்தோம், பெட்டியில் உள்ள அத்தனை கண்டென்சரையும் மாற்றிவிடுவோம். இதற்கும் இரண்டு வயதுக் கணக்கே பதில். கடிகாரப் பகுதியின் மின்பகு கண்டென்சர்களை அளக்காமலே மாற்றலாம். அவை தங்கள் ஆயுளைப் பல முறை வாழ்ந்து முடித்தவை. ரேடியோ பகுதியில் அளந்து, கெட்டதை மட்டும் மாற்றுங்கள். அங்கே அலைவரிசையைச் சீரமைத்த சிறு கண்டென்சர்களைத் தொட்டால் மறுசீரமைப்புக்குக் கருவிகள் தேவைப்படும். அது வேறு இயலின் வேலை.

இனி 60 ஹெர்ட்ஸ் பெட்டியை 50 ஹெர்ட்ஸ் ஊரில் ஓட்டுவது. இந்த ரேடியோக்களில் பல ஜப்பானில் செய்யப்பட்டவை. அந்த நாட்டிலேயே கிழக்கில் 50, மேற்கில் 60 ஹெர்ட்ஸ் மின்சாரம். ஆகவே கடிகாரம் செய்பவர்களுக்கு இரண்டும் பழக்கம். ஒளிரும் எண் வகையில் பெரும்பாலான சிப்புகளில் 50, 60 தேர்வுக்கென்றே ஒரு கால் உண்டு. அந்தச் சிப்பின் தகவல் தாளைப் பார்த்து, அந்தக் காலை எங்கே இணைக்க வேண்டும் அல்லது எந்த ஜம்பரை வெட்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டால் வேலை பத்து நிமிடம். தேர்வுக் கால் இல்லையென்றால் சிப்புக்கு மெயினுக்குப் பதிலாகப் படிகத்திலிருந்து 60 ஹெர்ட்ஸ் கொடுக்கலாம். அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிகளில் எல்லாம் இருந்த 3.579545 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை 59,659ஆல் வகுத்தால் 60 ஹெர்ட்ஸ் வரும், அதற்கென்றே எம்.எம். 5369 என்ற சிப் அந்தக் காலத்தில் வந்தது. அது கிடைக்காவிட்டால் ஒரு சிறு மைக்ரோகண்ட்ரோலரே இந்த வகுத்தலைச் செய்துவிடும். தகட்டு வகையில் இது எளிதல்ல. 24 துருவம் கொண்ட மோட்டார் 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 300 சுற்று, 50இல் 250 சுற்று; பல்சக்கர விகிதத்தையே மாற்றினால்தான் சரியாகும். 50 ஹெர்ட்ஸ் பல்சக்கரம் கிடைத்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் சில வாட் தரும் 60 ஹெர்ட்ஸ் இன்வெர்ட்டரில் மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். எதுவானாலும் 60 ஹெர்ட்ஸுக்கெனச் சுற்றிய மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும் என்பதை மறக்க வேண்டாம். 120 வோல்ட் முழுதாகக் கொடுக்காமல் 110க்குள் வைத்தால் அவை நெடுநாள் உழைக்கும்.

வேலை முடிந்ததும் ரேடியோவை அணைத்துவிட்டுக் கடிகாரத்தை மட்டும் ஒரு நாள் ஓடவிடுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, புதிய கண்டென்சரையும் டிரான்ஸ்ஃபார்மரையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு, கை வைக்க முடியாத சூடு இயல்பல்ல. தகட்டு வகையில் 59இலிருந்து 00க்கு நிமிடத் தகடு விழும் நேரத்தில் மணித் தகடும் விழுகிறதா என்று ஒரு முறையாவது உட்கார்ந்து பாருங்கள். மோட்டாருக்கு அதிகச் சுமை விழும் இடம் அதுதான், அரைகுறையாக எண்ணெய் போட்டது அங்கேதான் வெளிப்படும். பிறகு ரேடியோவையும் போட்டு, யாரும் பேசாத சேனலில் ஸ்க்வெல்சைத் திறந்து வைத்து, கடிகாரத்தின் இணைப்பு இருக்கும்போதும் கழற்றியபோதும் இரைச்சல் ஒன்றாகவே கேட்கிறதா என்று ஒப்பிடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் கைபேசி மணியோடு வைத்துப் பார்த்து, விலகலைத் தாளில் குறித்து, அந்தத் தாளைப் பெட்டியின் அடிமூடிக்கு உட்புறம் ஒட்டிவிடுங்கள். அதுவரை மேல்மூடியின் திருகுகளை முழுக்க முறுக்க வேண்டாம்.